அப்பளம் நனைந்த அன்று நான் போட்ட சைபர்

சைபருக்கு உரிய மரியாதையைக் கொடுத்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். பாளையங்கோட்டையில் மழைக்கணக்கு ஏற்றும் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, எங்களுக்கு அவர் காலிக்கட்டம் அண்ணாச்சி.

ஊர் ஊராக அளந்த மழை அளவு சீட்டில் வரும். அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். அளவு வராத ஊரின் கட்டத்தைக் காலியாக விட்டால், காரணம் எழுது என்று கணினி நச்சரிக்கும். ஒரு சைபரைத் தட்டினால் வாயை மூடிக்கொள்ளும். நாங்கள் தட்டுவோம். அண்ணாச்சி குதிப்பார்.

"ஏலே, சைபர்னா அளந்து பாத்தாச்சு, மழை இல்லன்னு அர்த்தம். காலின்னா ஒருத்தனும் அளக்கலன்னு அர்த்தம். ரெண்டும் எப்படி ஒண்ணாவும்?"

டீக்கடையிலும் இதே கூத்துதான். "சீனி வேண்டாமா அண்ணாச்சி?" என்று மாஸ்டர் கேட்டால், "வேண்டாம்னு சொன்னனா? இன்னும் யோசிக்கல வே!" என்பார். யோசித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

நான் அப்போது தற்காலிக ஊழியன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், சீட்டு வராத கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு சைபரைத் தட்டிவிட்டு ஓடினேன்.

திங்களன்று அதிகாரி கடுகடுவென்று வந்தார். "வெள்ளிக்கிழம கல்லிடைக்குறிச்சியில எம் மக நிச்சயதார்த்தப் பந்தலே மழையில சாஞ்சுட்டு. எவ்வளவு பதிஞ்சிருக்கீங்கன்னு காட்டுங்க. பாக்காம சைபர் போட்டிருந்தா, போட்டவன் இன்னையோட வீட்டுக்குப் போவலாம்!"

வேலை போச்சுடா சாமி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து கணினியைப் பார்த்தால் கட்டம் காலி! கீழே காரணம்: "அளக்கவில்லை. அளப்பவர் நாங்குநேரிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மழை பெய்தது நிச்சயம். அந்த ஊர் அப்பளக்கார அக்காவிடம் போனில் விசாரித்ததில், காயப்போட்ட இருநூறு அப்பளமும் களியாகிவிட்டது."

"என்னவே இது, அப்பளம்?" என்றார் அதிகாரி.

"சாட்சி சார்," என்றார் அண்ணாச்சி.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. நான் ஓடிய பிறகு, என் சைபரை அழித்துவிட்டு ஊருக்கே போன் போட்டிருக்கிறார் மனுஷன்.

டீக்கடையில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். "அண்ணாச்சி, எம்மேல எவ்வளவு கோவம்?"

கிளாசைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். டீ ஆறியது. அந்த ஆறின டீக்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

"நல்லா அளந்து பாத்துட்டேம்லே," என்றார். "சைபர்."