குடிநீக்கி

அடுத்தவரை வீட்டைவிட்டுத் துரத்துவதைக்கூடத் தமிழன் நாகரிகமாகத்தான் செய்வான். இந்த உண்மையை நிலைநாட்டிய பெருமை ஒரத்தநாடு அண்ணாதுரையையே சேரும்.

சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பியவர் அவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டதோடு, 'தூயசொல் மன்றம்' ஒன்றையும் தொடங்கித் தலைவரானார். இப்போது அந்த இடத்தை ஒரு செல்போன் கம்பெனி கேட்கிறது. குடியிருக்கும் ஹமீதா பானுவிடம் 'காலி பண்ணுங்க' என்று சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் 'காலி' அரபுச் சொல்லாயிற்றே! அதைச் சொல்ல அவர் நாக்கு கூசியது. துரத்தக் கூசவில்லை.

மன்றம் அவசரமாகக் கூடியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மருதையன் கல்வெட்டுப் புத்தகத்தை விரித்தார்.

"கெடச்சிருச்சுங்க! 'குடிநீக்கி'! சோழ ராஜாக்கள் கோயிலுக்கு நிலம் விடறப்ப, முன்னாடி இருந்த குடிகளை எழுப்பிட்டுக் கொடுத்தா இப்படித்தான் வெட்டி வைப்பாங்க."

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே!" என்று அண்ணாதுரை புல்லரித்துப்போனார். எல்லோரும் கைதட்டினார்கள், 'சம்பந்தப்பட்டவர்' என்ற முறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த ஹமீதா பானுவைத் தவிர.

"எழுப்பாம விட்டதுக்கும் ஒரு சொல் இருக்குங்க, 'குடிநீங்கா'ன்னு..." என்று மருதையன் இழுத்தார்.

"அது அடுத்த கூட்டத்துக்கு!" என்றார் தலைவர்.

"அண்ணே, எம் மக பர்வினுக்கு அடுத்த மாசம் பிளஸ் டூ பரீட்சை. அவ அத்தாவும் சவுதியில இருக்காங்க. பரீட்சை முடியட்டும்ணே, நாங்களே போயிடறோம்," என்றார் ஹமீதா பானு. பிறகு கேட்டார்: "அந்தக் காலத்துல நீக்குனவங்க எங்க போனாங்கன்னு அதுல போட்டிருக்கா?"

"கல்லுல அதுக்கெல்லாம் இடம் பத்தாதும்மா," என்றார் மருதையன்.

டீ கொண்டுவந்த அண்ணாதுரையின் மனைவி வேம்புவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உங்க அப்பாவைப் பண்ணையார் எழுப்புனப்ப எந்த வார்த்தையைச் சொன்னாரு? ஒண்ணும் சொல்லல. ஆளை விட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டாரு. ஐப்பசி மழையில கைக்குழந்தையா நனைஞ்சது நீங்கதானே?"

அண்ணாதுரையின் கண் கலங்கிவிட்டது. பாவம், நல்ல மனிதர். சொல்தான் நம்முடையது என்று இதுவரை நினைத்திருந்தார்; செய்முறையும் நம் மண்ணுடையதுதான் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. 'தலைவர் குடும்பத்திலேயே வாழும் சான்று' என்று மன்றம் ஒருமனதாகப் பாராட்டியது.

மறுநாள் காலை இயற்பியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பர்வினின் மடியில் சுள்ளென்று வெயில் விழுந்தது. மேலே இரண்டு ஆட்கள் ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று, பிறமொழிக் கலப்பே இல்லாமல் கையாலேயே இடம் காட்டிக்கொண்டிருந்தார் அண்ணாதுரை.

ஹமீதா பானுவின் அலறல் கேட்டு வேம்பு ஓடி வந்தாள். கூரையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"பண்ணையார் எப்பவோ செத்துட்டாருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்," என்றாள்.