உலான்பாதரில் பிடுங்கிய பால் கரண்டி

கூச்சப்படுகிறவர்களுக்குச் சந்தேகமும் கூடவே இருக்கும். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோகிற விஷயத்தை நாங்கள் கேட்கமாட்டோம். மனசுக்குள் போட்டு மூடி வைத்துவிடுவோம். அது இட்லி மாவு போல உள்ளேயே பொங்கி, ஒரு நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். என் மாவு வழிந்தது உலான்பாதரில். (மங்கோலியா நாட்டின் தலைநகரம். அங்கே போகிற வரைக்கும் எனக்கும் தெரியாது.)

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, மகன் சிவாவோடு டெக்சஸில் இர்விங்கில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஹாய், தேங்க்யூ, ஸ்டாப். கடைசி வார்த்தை சிவா கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

அவனுக்குப் பெண் தேடி நான் அலுத்துப்போயிருந்த சமயம். ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"அம்மா, ஆபீஸ்ல ஒரு பொண்ணு. பேரு ஓயுனா. கோவிச்சுக்காம கேளுங்க."

அதை ஃப்ரீவேயில் சொன்னதே எனக்குச் சந்தேகம். இறங்கி ஓட முடியாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

"எந்த ஊருப் பொண்ணு கண்ணு?"

"மங்கோலியா."

"அது நியூ ஜெர்சி பக்கமா?"

"இல்லீங்கம்மா. சைனாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவுல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓயுனா வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவளாம். "வணக்கம் ஆன்ட்டி" என்று கும்பிட்டாள். ரசத்தை டம்ளரில் வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். என் ரசத்தை என் வீட்டுக்காரரே இரண்டாம் தரம் கேட்டதில்லை. ஒன்று, இந்தப் பெண் நடிக்கிறாள். இல்லையென்றால் என் மகனுக்கு மருந்து வைத்துவிட்டு, அடுத்து எனக்கும் வைக்க வந்திருக்கிறாள். (மருந்து என்றால் காய்ச்சல் மருந்து இல்லை, ஆளை மயக்குகிற மருந்து. எங்கள் பக்கத்தில் ஒரு பையன் தானாகப் பெண் பார்த்துக்கொண்டால் அதற்கு வேறு காரணம் யாரும் யோசிப்பதில்லை.)

"அவங்க அப்பா அம்மாவ ஒரு தரம் நேர்ல பாருங்கம்மா. அவங்களும் உங்களப் பாக்கணும்னு சொல்றாங்க. நீங்க சரின்னா பண்ணிக்கறேன். வேண்டாம்னா விட்டர்றேன்" என்றான் சிவா. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் 'விட்டர்றேன்' என்று சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குரலுக்காகத்தான் அவர்கள் இருவரோடும் விமானம் ஏறினேன்.

ஏற்காடு மாதிரி உயரமான ஊர் என்று சொல்லியிருந்தான். அந்த ஏற்காட்டை ஃப்ரீசருக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து முள்ளாகக் குத்தியது. நான் சேலைக்குள்ளே சிவாவின் பேன்ட்டைப் போட்டு, சேலைக்கு மேலே அவன் கோட்டைப் போட்டு, தலையில் சால்வை சுற்றி, நடக்கத் தெரிந்த சலவை மூட்டை போல இருந்தேன். ஊரைச் சுற்றி மலை. சரிவெல்லாம் வட்ட வட்டமான கூடாரங்கள், அதிலிருந்து கரிப்புகை. பாலத்துக்கு அடியில் ஆறு ஓடும் என்று எட்டிப் பார்த்தால், ஆற்றின் மேல் ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீரையே நம்ப முடியாத ஊரில் மனுஷரை எப்படி நம்புவது?

ஓயுனாவின் வீடு அடுக்குமாடியில் இருந்தது. உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் அவள் அப்பா ஒரு பட்டுப் பையிலிருந்து சின்னக் கல் புட்டி ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"மோந்து பார்த்துட்டுத் திருப்பிக் குடுங்கம்மா. இவங்க மரியாதை அது" என்றான் சிவா.

மோந்தேன். மூக்குப்பொடி! சம்பந்தம் பேச வந்த பொம்பளைக்கு முதல் மரியாதை மூக்குப்பொடியா என்று நினைத்து முடிப்பதற்குள் தும்மல் வந்துவிட்டது. அவருடைய ரோமத் தொப்பி நகர்ந்துபோகிற அளவுக்குத் தும்மினேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

சிவா ஓயுனாவிடம் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னான்: "உங்களுக்கு நல்ல நுரையீரலாம்."

கேலி பண்ணுகிறாரோ?

பிறகு ஓயுனாவின் அம்மா டீ கொண்டுவந்தார். கிண்ணத்தை வலது கையில் பிடித்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி கொடுத்தார். பாவம், கையில் வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அப்பாவும் அப்படித்தான் கொடுக்கிறார். ஓயுனாவும் அந்த வீட்டுக்குள் வந்ததும் அப்படித்தான் கொடுக்கிறாள். குடும்பத்துக்கே முழங்கை வலி! பரம்பரை வியாதியை மறைத்துப் பெண்ணைத் தள்ளப் பார்க்கிறார்களா? நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வராதா? (கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.)

டீயை வாயில் வைத்தேன். உப்பு!

சர்க்கரைக்குப் பதில் கைதவறி உப்பு விழுந்திருக்கும் என்று பார்த்தால், எல்லோரும் சப்புக்கொட்டிக் குடிக்கிறார்கள். மிச்சம் வைத்தால் தப்பாக நினைப்பார்களே என்று கண்ணை மூடிக்கொண்டு முழுசும் குடித்தேன். கிண்ணம் காலியானதும் அந்த அம்மா சிரித்த முகத்தோடு மறுபடியும் நிரப்பினார். அதையும் குடித்தேன். அதையும் நிரப்பினார். காலியாக்கினால் நிரப்புவார்கள், போதுமென்றால் கொஞ்சம் மீதி வைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்கு என் வயிற்றில் ஒரு சின்னக் கடலே இருந்தது. சாப்பாட்டுக்குக் கொழுக்கட்டை வந்தது. பூரணம் இருக்கும் என்று ஆசையாகக் கடித்தேன். உள்ளே கறி. நான் கறி சாப்பிடுகிறவள்தான். ஆனால் கொழுக்கட்டைக்குள் கறியை ஒளித்து வைக்கிறவர்கள் இன்னும் எதையெல்லாம் ஒளித்து வைப்பார்கள்?

காலையில் எழுந்து வந்தால், அந்த அம்மா ஜன்னலைத் திறந்து ஒரு மரக் கரண்டியால் வெளியே எதையோ வீசிக்கொண்டிருப்பார். திரிந்த பாலைத் தெருவில் கொட்டுகிற பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். கீழே நடந்து போகிறவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள், என் பாத வெடிப்பைப் பார்த்துவிட்டு அந்த அம்மா தரையில் உட்கார்ந்தார். என் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஏதோ கொழுப்பைத் தடவி, ஒட்டக ரோமத்தில் பின்னின காலுறையை மாட்டிவிட்டார். எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை. கூச்சத்தில் காலை இழுத்தேன், அவர் விடவில்லை. என் சந்தேகமெல்லாம் அந்தக் கொழுப்போடு உருக ஆரம்பித்தது. காரில் ஏறினதும் சிவாவிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காரில் ஏறினோம். ஓயுனாவின் அப்பா ஓட்டினார். சிவா முன்னால், நானும் ஓயுனாவும் பின்னால். அந்த அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். வண்டி நகர்ந்தது. 'கண்ணு' என்று வாயைத் திறந்தேன். கடைசியாக ஒரு தரம் அவரைப் பார்த்துக்கொள்வோம் என்று திரும்பினேன்.

கையில் கிண்ணத்தோடு நின்று, மரக் கரண்டியால் எங்கள் வண்டியின் மேல் பால் தெளித்துக்கொண்டிருந்தார்.

பால் தெளிப்பதை நான் பார்த்திருந்தது ஒரே ஒரு இடத்தில். என் வீட்டுக்காரரை எரித்த மறுநாள், சுடுகாட்டில். அன்றைக்குத் தெளித்தவன் இதே சிவா. இப்போது அவன் உயிரோடு உட்கார்ந்திருக்க, அவன் தலைக்குப் பின்னால் பால் விழுகிறது!

"ஸ்டாப்!" என்று கத்தினேன். கதவைத் திறந்து குதித்தேன். தரையெல்லாம் பனிக்கட்டி. கால் வைத்த நொடியில் பொத்தென்று உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சறுக்கி, நேராக அந்த அம்மாவின் காலடியில் போய் நின்றேன். எழுந்த வேகத்தில் கரண்டியைப் பிடுங்கினேன். கிண்ணம் கவிழ்ந்து பால் முழுசும் என் மேல் கொட்டியது.

"உசுரோட இருக்கற புள்ளைக்குப் பால் தெளிக்கறியா? என்ற பையன் உனக்கு என்ன பாவம் பண்ணுனான்? நாங்க போய்ச் சேரோணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு!"

வாழ்நாளில் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. (தெருவில் காய்காரனைக் கூப்பிடக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்புகிறவள் நான்.) மேல் மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. ஓயுனாவின் அப்பா காரிலிருந்து இறங்கி, கடுகடுவென்று ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஓயுனா முகத்தை மூடிக்கொண்டாள்.

சிவா ஓடி வந்தான். "அம்மா! என்ன பண்றீங்க நீங்க? ஊருக்குப் போறவங்க நல்லபடியா போய்த் திரும்பி வரணும்னு தெளிக்கறாங்க. வாழ்த்தும்மா அது! இங்க எல்லா அம்மாவும் செய்வாங்க."

"அப்ப காலைல ஜன்னல்ல?"

"வானத்துக்குப் படைக்கறாங்க. தினமும்."

"என்ற கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையேம்மா!"

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று பார்த்தேன். அந்த ஊர்ப் பூமி கல் மாதிரி உறைந்து கிடந்தது, அதுவும் பிளக்காது.

எங்கள் ஊரில் பால் தெளிப்பது எதற்கென்று சிவாவிடம் கேட்டுக்கொண்டு, ஓயுனா தன் அம்மாவிடம் மெல்லச் சொன்னாள். கேட்டதும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய், காரின் பின் கண்ணாடியில் உறைந்திருந்த பாலைக் கோட்டு நுனியால் துடைக்க ஆரம்பித்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே அழுதார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க அவர் பாஷை தெரியாது, தெரிந்திருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்காது. கீழே கிடந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அடுப்படியில் பால் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். (அத்தனை நாளும் என்ன கலக்கிறார்கள் என்று உளவு பார்த்தது வீண் போகவில்லை.) நிரப்பிக்கொண்டு இறங்கி வந்தேன். வலது கையில் கிண்ணத்தைப் பிடித்து, அவர்கள் மரியாதைப்படி இடது கையால் முழங்கையைத் தாங்கி, அவர் முன்னால் நீட்டினேன். கரண்டியையும் கொடுத்தேன். வண்டியைக் காட்டினேன்.

"தெளிங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் சிவாவை முன் சீட்டில் ஏற்றிவிட்டு, அவனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். முதல் கரண்டிப் பால் என் நெற்றியில்தான் விழுந்தது. அப்புறம் அந்த அம்மா கிட்டே வந்து, என் கன்னத்தை ஒரு தரம் மோந்து பார்த்தார். அது அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் கொடுக்கிற முத்தமாம். பால் கெட்டுவிட்டதா என்று பார்க்கிறாரோ என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது.

வழியில் சிவா கேட்டான், "அம்மா, அப்ப சரின்னு அர்த்தமா?"

"வாயை மூடிட்டு வா. சேலையெல்லாம் பால், உறைஞ்சு அப்பளம் மாதிரி நொறுங்குது."

சிவா இங்கிலீஷில் சொல்ல, ஓயுனா அதை மொழிபெயர்த்தாள் போலிருக்கிறது. அவள் அப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் நான் எதையாவது முறைத்துப் பார்த்தால் போதும். கடையில் வாங்கிய வெண்டைக்காயோ, போனில் வருகிற தெரியாத நம்பரோ, சிவா உடனே சொல்லுவான்: "கரண்டிய விடுங்கம்மா." ஆபீஸ் நண்பர்கள் வந்தால் முழுக் கதையும் நடக்கும். நான் சறுக்கிய இடத்தை அவன் ஹாலில் சறுக்கியே காட்டுவான்.

போன வாரம் சிவா ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றான். "வாங்கி வச்ச பாலு அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு? யாரு இவ்வளவு குடிக்கறது?"

நான் ஓயுனாவைச் சந்தேகமாகப் பார்த்தேன்.

அவள் எழுந்து போய், பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த மரக் கரண்டியை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தாள். அவர்கள் இருவரும் காலையில் வேலைக்குக் கிளம்பி, வண்டி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நான் பால்கனியில் என்ன செய்கிறேன் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"கரண்டிய விடுங்க, அத்தை" என்றாள் ஓயுனா, சுத்தமான திருச்செங்கோட்டுத் தமிழில்.