ஆரோக்கிய வைரஸ்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கடைசியில் நிற்கிற ராசாவும் முன்னால் வந்து உட்காரட்டும். என் தொண்டை பழசு, அத்தனை தூரம் எட்டாது. ஒரு வைரஸ் கதை சொல்லப் போகிறேன். மூக்கைப் பொத்த வேண்டாம், அந்த வைரஸ் உங்களைத் தொடாது. உங்கள் பையைத் தொட்டவன் வேறொருவன்.

கடைத்தெருவில், சலவைக் கடைக்கு மேல் மாடியில் ஒரு வாடகைக் கூடம். வாசலில் பெரிய பலகை: ‘ஆரோக்கிய வைரஸ்! நோயைத் தின்னும்! உங்களைத் தின்னாது!’ மாடிப்படி முழுக்க வரிசை, படி போதாமல் தெருவிலும் வரிசை. முழங்கால் வலிக்காரர், தூக்கம் வராதவர், பரீட்சையில் தேறாத மகளை இழுத்து வந்த அம்மா. ஒருவர் தன் வண்டிச் சாவியோடு வந்திருந்தார். வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறதாம்.

உள்ளே வைரஸ் வைத்தியர். வெள்ளை அங்கி, வெள்ளைக் கையுறை, அங்கியைவிட வெள்ளையான சிரிப்பு. கண்ணாடி டம்ளரில் கால்வாசிக்குக் கலங்கலாக ஒரு சிவப்பு நீர் இருக்கும். நோயாளி அதில் ஊத வேண்டும். “பாத்தீங்களா, உங்க நோய் எல்லாம் இறங்கிடுச்சு!” என்பார். அப்புறம் தன் பாட்டிலிலிருந்து வைரஸ் நீரை ஊற்றிக் கலக்குவார். சிவப்பு வெளுத்து, கலங்கல் போய், டம்ளருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுவர் தெரியும். கூட்டம் “ஆ!” என்னும். பாட்டில் விற்கும்.

இந்த வைரஸின் தாய் யார் தெரியுமா? நம் ஊர் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி. பாவம், அவளுக்கே அது தெரியாது.

அவள் வேலை இதுதான். உப்பளத்துத் தண்ணீர் சில சமயம் சிவந்து கிடக்குமே, அந்தச் சிவப்பு ஒரு நுண்ணுயிர்க் கூட்டம். ஆர்க்கியா என்று பெயர். நாம் வாயில் வைக்க முடியாத உப்பில் அவை சுகமாகக் குடும்பம் நடத்தும். நமக்குச் சளி பிடிக்கிற மாதிரி அவற்றுக்கும் வைரஸ் பிடிக்கும். அந்த வைரஸைத்தான் அவள் தேடினாள். தட்டில் சிவப்புப் படலம் வளர்த்து, அதில் ஊசிமுனை அளவுக்குத் தெளிந்த புள்ளி தெரிந்தால் வைரஸ் அங்கே சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று துள்ளுவாள். வீட்டில் யாரும் துள்ளுவதில்லை.

“உன் வைரஸு யாருக்கு வரும்?” என்று அக்காள் ஒருமுறை கேட்டாள்.

“மனுஷங்களுக்கு வராதுக்கா.”

“ஆடு மாட்டுக்கு?”

“வராது.”

“வராத நோய்க்கு ஒரு டாக்டரு. நல்லாத்தான் படிச்சே போ.”

அவளுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். கருத்தரங்கில் அவள் பேச எழுந்தால் தேநீருக்குக் கூட்டம் எழும். அப்படி இருக்கையில் ஒரு செய்தித்தாள் வந்து பேட்டி எடுத்தது. ‘ஆர்க்கியா வைரஸ்’ என்று சொன்னாள். அச்சில் ‘ஆரோக்கிய வைரஸ்’ என்று வந்தது. கூப்பிட்டுத் திருத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் புகைப்படம் அழகாக விழுந்திருந்ததே! ஓர் எழுத்துப் பிழைக்காக அந்தப் படத்தோடு சண்டை போடுவானேன் என்று, வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் அதே படத்தை அக்காள் வீட்டு மேசையில், பாட்டில் ஒன்றின் மேல் பார்த்தாள். பக்கத்தில் அக்காளின் இரத்த அழுத்த மாத்திரை அட்டை, பிரிக்காமல் கிடந்தது.

“அக்கா, மாத்திரை?”

“நிறுத்தியாச்சு. நீ கண்டுபிடிச்சதையே குடிக்கிறேன். சொந்தத் தங்கச்சி மருந்து இருக்கறப்ப அது எதுக்குடீ?”

“நான் மருந்தா கண்டுபிடிச்சேன்?”

“தன்னடக்கம் வேற,” என்று அக்காள் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அக்காளின் முகம் வீங்கியிருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

மறுநாள் இருவரும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அக்காள் பாட்டில் வாங்க, தங்கை சண்டை வாங்க.

வைத்தியரைப் பார்த்ததும் ஆராய்ச்சிக்காரிக்குப் பொறி தட்டியது. ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டிய நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன்! வைரஸ் வேலை செய்யப் பொழுது பிடிக்கும், வந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று, அன்று அவள் ஒரு குறுக்கு வழி செய்தாள். சிவப்பு நீரில் நல்ல தண்ணீரை ஊற்றினாள். உப்பு குறைந்தால் அந்த உயிர்கள் தாங்காது, வெடித்துவிடும், கலங்கல் தெளிந்துவிடும். “வைரஸும் கிட்டத்தட்ட இப்படித்தான் வெடிக்க வைக்கும்” என்று சொல்லி முடித்துக்கொண்டாள். அவள் பேச்சை வாழ்நாளில் முழுசாகக் கவனித்துக் கேட்டவன் இவன் ஒருவன்தான். அவளுக்கு அழுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை.

“இது மோசடி!” என்று எழுந்தாள். “ஓம்புயிரி இல்லாம வைரஸ் பெருகாது. இதோட உறைப் புரதம் இருக்கே...”

வைத்தியர் இரண்டு கையையும் விரித்தார். “இவங்கதாங்க அந்த அம்மா! படத்துல இருக்கறவங்க! நேர்லயே வந்துட்டாங்க!”

கூட்டம் கைதட்டியது. ஒருவர் குழந்தையை அவள் கையில் திணித்தார். வண்டிச் சாவிக்காரர் சாவியை நீட்டினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, அந்த ஒரு நொடி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தட்டியிருந்தால் சாவியையும் வாங்கியிருப்பாள்.

அப்போது அக்காள் “தலை சுத்துதுடீ” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புரதமெல்லாம் பறந்துபோயிற்று. குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். அக்காளுக்கு முகம் துடைத்து, கொஞ்சம் தெளிந்ததும் சொன்னாள். “அக்கா, நான் சொல்றத நம்ப வேணாம். ரெண்டு டம்ளர் எடு. ஒண்ணுல இவரு பாட்டில் தண்ணி. இன்னொண்ணுல கழிவறைக் குழாய்த் தண்ணி. எது எதுன்னு எனக்கும் சொல்லாதே.”

அக்காள் சுவரைப் பிடித்தபடி போய் நிரப்பி வந்தாள்.

“ஐயா, வைரஸ் எதுல இருக்கு?”

வைத்தியர் இரண்டையும் முகர்ந்தார், நெற்றியில் வைத்தார். “வைரஸுக்கு என்னைத் தெரியும், எனக்கு வைரஸைத் தெரியும். இதோ, இதுதான்!”

“அது கழிவறைங்க,” என்றாள் அக்காள்.

இரண்டையும் சிவப்பு நீரில் ஊற்றினார்கள். இரண்டும் தெளிந்தன.

வைத்தியர் அசரவில்லை. “என் பார்வை பட்டுச்சுல்ல? குழாய்த் தண்ணியும் வைரஸாயிடுச்சு!”

உடனே பாதிக் கூட்டம் காலிப் பாட்டிலோடு கழிவறைக்கு ஓடியது. தள்ளுமுள்ளு வேறு. ஆராய்ச்சிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அக்காளுக்கு இப்போது சூடு பிடித்துவிட்டது. “அப்போ நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. பார்வை படாம ஊத்திப் பாக்கறோம்.”

அவர் படிக்கட்டில் நின்றார். இங்கே குழாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். தெளிந்தது.

“ஊத நோயாளியும் வேணாம்,” என்று அக்காள் புது டம்ளர் ஒன்றைக் காலி நாற்காலியில் வைத்தாள். ஊற்றினாள். தெளிந்தது.

“நாற்காலிக்கு என்னம்மா வியாதி?” என்றார் முழங்கால் வலிக்காரர்.

“நாலு காலும் வலியாம்!” என்றார் வண்டிச் சாவிக்காரர்.

சிரிப்பு வெடித்தது. சிரிப்பு கேட்டு வைத்தியர் கீழே நழுவப் பார்த்தார். முடியவில்லை. படி முழுக்க அவரே சேர்த்த வரிசை. பின்னறையைத் திறந்தார்கள். உப்பளத்துச் சிவப்பு நீர், கேன் கேனாக. கையுறையோடு அவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

“அப்போ இந்தப் பாட்டில்ல உன் வைரஸே இல்லையாடீ?” என்றாள் அக்காள்.

“மருந்துக்குக்கூட இல்லக்கா. வெறும் தண்ணி.”

“இருந்திருந்தா?”

“இருந்தாலும் உனக்கு ஒண்ணும் பண்ணாது. நல்லதும் பண்ணாது.”

“இத முன்னாடியே இப்படி நேராச் சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?” என்று கேட்டுக்கொண்டே தங்கையோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அங்கே இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்த நர்ஸ் திட்டிய திட்டை நான் இங்கே சொல்ல மாட்டேன். மாத்திரையை நர்ஸின் கண்ணெதிரிலேயே விழுங்கினாள்.

அன்றைக்கே ஆராய்ச்சிக்காரி செய்தித்தாளைக் கூப்பிட்டுப் பிழையைத் திருத்தச் சொன்னாள். கடைசிப் பக்க மூலையில், கடுகு எழுத்தில் போட்டார்கள். படம் போடவில்லை.

தெளிந்ததைப் பார்த்துக் கைதட்டினோமே, எப்படித் தெளிந்தது என்று ஒருத்தராவது கேட்டோமா? டம்ளர் டம்ளராகத் தண்ணீர் தெளிந்தது, நாம்தான் கலங்கலாகவே நின்றோம்.

போய் வாங்க செல்லங்களா. உங்கள் வீட்டில் நோய்க்கு மருந்தும் மருந்துக்கு மருத்துவரும் குறைவில்லாமல் இருக்கட்டும். “ஏன்?” என்று கேட்கிற பிள்ளை வீட்டுக்கு ஒன்றாவது பிறக்கட்டும். அதை அதட்டாத பெரியவர்களாக நீங்களெல்லாம் நீண்ட காலம் நல்லா இருங்க.