எல்ம்ஸ்டோக்கில் நிற்க ஓர் இடம்

தான் நிற்கிற இடம் வேறொருவருடையது என்று டங்கனுக்கு உறைத்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

இத்தனைக்கும் எல்ம்ஸ்டோக் நிலையத்தின் நடைமேடை முக்கால்வாசி காலியாகத்தான் கிடந்தது. மழை விட்ட திங்கட்கிழமைக் காலை. டங்கன் ஒரு விளக்குக் கம்பத்தை ஒட்டி, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு லண்டன் ரயிலுக்காகக் காத்திருந்தான். பச்சைக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி விறுவிறுவென்று அவனை நோக்கி வந்து, எதிரே சட்டென்று நின்றார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் காலடியைத்தான் பார்த்தார்.

"சாரி," என்றார்.

"பரவாயில்லைங்க," என்றான் டங்கன், எதற்கு என்று தெரியாமலே.

அவர் நாலு எட்டு தள்ளிப் போய் நின்றார். சற்று நேரத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்து, தன் இடத்தில் பச்சைக் கோட்டு நிற்பதைக் கண்டு, "சாரி" என்று சொல்லிவிட்டு இன்னும் நாலு எட்டு தள்ளிப் போனார். அவர் போய் நின்றது காதில் ஒயர் மாட்டிய ஓர் இளம்பெண்ணின் இடம். அவளும் ஒரு "சாரி" சொல்லி நகர்ந்தாள். இப்படியே ஒருவர் மாற்றி ஒருவராக எல்லோரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். கடைசி ஆளுக்குப் போக இடமில்லை. பாவம், அந்த மனிதர் நடைமேடை சரிந்து இறங்குகிற கோடியில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்றார். ஒரு முணுமுணுப்பு கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

டங்கன் அந்த ஊர்க்காரனே அல்ல. விடியற்காலையில் லண்டனிலிருந்து புறப்பட்டு, எல்ம்ஸ்டோக்கில் இறங்கி, அங்கிருந்து தினமும் லண்டன் அலுவலகத்துக்குப் போய்வருவது எப்படி இருக்கும் என்று பார்க்க, லண்டனுக்கே திரும்பிப் போவதற்காக நின்றுகொண்டிருந்தான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் டங்கன் அப்படிப்பட்ட ஆள். தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் வாங்கினால்கூட அதோடு வரும் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவான். ஆயுள் முழுதும் குடியிருக்கப் போகிற வீட்டை ரயிலேறிப் பார்க்காமல் வாங்குவானா?

அவனும் பிரையனியும் லண்டனில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறேன் என்றுவிட்டார். பிரையனிக்கு ஆறாவது மாதம். சொந்தமாக ஒரு வீடு, அதுவும் குழந்தை பிறப்பதற்குள் வேண்டும். சனிக்கிழமை தவறாமல் ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஓர் ஊரில் பீட்ரூட் சர்க்கரை ஆலையின் நெடி. இன்னோர் ஊரில் நாய்களுக்குக்கூட கோட்டு போட்டிருந்தார்கள், இவர்களை அவை மேலும் கீழும் பார்த்தன. பிடித்த வீடுகளையெல்லாம் வேறு யாராவது தட்டிக்கொண்டு போனார்கள். எல்ம்ஸ்டோக்கில் நீலக் கதவு போட்ட வீட்டைப் பார்த்தபோது பிரையனி பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

"இதுதான், டங்கன். எனக்கு வேற எதுவும் காட்டாதே."

அந்த நீலக் கதவு வீட்டின் சொந்தக்காரரை அவர்கள் பார்க்கவில்லை. அங்கெல்லாம் விற்கிறவரும் வாங்குகிறவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது வழக்கமில்லை. பார்த்துவிட்டால் பிறகு பேரம் பேச இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிடும். எல்லாம் தரகர் மூலமாகத்தான். தரகர் நோரீன் விஷயத்தைப் பளிச்சென்று சொல்லியிருந்தாள்: "உங்களோட சேத்து மூணு பேரு கேட்டிருக்காங்க. மூணு பேரும் ஒரே விலைதான். யாருக்குக் குடுக்கறதுன்னு வீட்டுக்காரரு புதன்கிழமைக்குள்ள முடிவு பண்ணிச் சொல்வாரு."

அந்தப் புதன்கிழமைக்கு முன்னால்தான் இந்த ரயில் பரீட்சை.

ரயில் வந்து நின்றது. கதவு மிகச் சரியாக டங்கனின் மூக்குக்கு நேரே திறந்தது. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கிற்று. ஒவ்வொருவரும் தன் கதவு எங்கே வந்து நிற்கும் என்று கணித்து, வருஷக் கணக்காக ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஒரு கோடு கிடையாது, பலகை கிடையாது, ஒருவரோடொருவர் பேசி ஏற்படுத்திக்கொண்டதும் கிடையாது. அவனுக்குப் புல்லரித்தது. அதே நேரம், வெட்கத்தில் காது சிவந்தது.

உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கையில் குடையோடு ஓர் உயரமான மனிதர் வந்து அவன் பக்கத்தில் நின்றார்.

"சாரி," என்றார்.

டங்கன் துள்ளி எழுந்தான். "உங்க இடமா? உக்காருங்க, உக்காருங்க."

"சேச்சே, அதெல்லாம் இல்லைங்க. யாரு வேணாலும் உக்காரலாம்."

"நான் புதுசுங்க, தெரியாம உக்காந்துட்டேன். நீங்க உக்காருங்க."

"எனக்கு நிக்கறதுதாங்க பிடிக்கும்," என்றார் அவர். முகத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது.

"அப்ப நானும் நிக்கறேன்," என்றான் டங்கன்.

இரண்டு பேரும் நின்றார்கள். இருக்கை காலி. எதிரே உட்கார்ந்திருந்த பச்சைக் கோட்டுப் பெண்மணி, இரண்டு பேர் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது நன்றாயிருக்காது என்று மெல்ல எழுந்து நின்றார். வழுக்கைத் தலைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எழுந்தார். அடுத்த நிலையத்தில் ஏறியவர்கள், இத்தனை பேர் நிற்கிறார்களே, இருக்கையில் என்னவோ கொட்டியிருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் நின்றார்கள். லண்டன் போய்ச் சேரும்போது அந்தப் பெட்டியில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவும் இல்லை.

அன்று மாலை இதைக் கேட்ட பிரையனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"டங்கன், சின்ன ஊரு அது. வீட்டுக்காரர் காதுக்குப் போயிருந்தா?"

"போகாது. அங்க யாரும் யார்கிட்டயும் பேசற மாதிரியே தெரியலை."

"நல்லா கேட்டுக்கோ. எனக்கு அந்த வீடு வேணும். நீ நாளைக்குப் போய் ஒழுங்கா ஒரு ஓரமா நின்னு, யாருக்கும் தொந்தரவு இல்லாம வந்து சேரு. இல்லைன்னா போகவே போகாதே."

"போகாம இருந்தா என்னைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சுக்குவாங்க, பிரை. ஒரு மன்னிப்பாவது கேக்கணும்."

"வெறுங்கையோடவா கேப்பே?" என்று பெருமூச்சு விட்டபடியே ஒரு எலுமிச்சைக் கேக் செய்து, துண்டு போட்டு, டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். அப்படிப்பட்ட மனைவி வாய்ப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை டங்கன் யாருக்கும் இடைஞ்சல் வேண்டாமென்று நேரே நடைமேடையின் கோடிக்குப் போய் நின்றான். அதைவிட மோசமான காரியம் வேறு இருக்க முடியாது. ஏனென்றால், புதியவர் பாவம், அந்தக் கம்பத்தடி அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று எல்லோரும் ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கள் மனசை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நேற்று நகர்ந்த இடத்தையே ஆளாளுக்குத் தன் இடமாக ஏற்றுக்கொண்டாயிற்று. விளக்குக் கம்பத்தடியை அவனுக்காக விட்டு வைத்திருந்தார்கள். அவனோ கோடியில் நிற்கிறான்.

நேற்றுக் கோடிக்குத் தள்ளப்பட்ட மனிதர் வந்தார். இதற்குமேல் போனால் தண்டவாளத்தில்தான் நிற்க வேண்டும். "சாரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இந்தப் பக்கமாக நகர்ந்தார். அவரால் இளம்பெண் நகர்ந்தாள். அதே சமயம் பச்சைக் கோட்டுப் பெண்மணி, புதியவர் கம்பத்தடியில் இல்லையே என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்ப்பக்கம் நகர்ந்தார். இரண்டு பக்க நகர்வும் நடுவில் சந்தித்தபோது ரயில் வந்துவிட்டது. அத்தனை பேரும் ஒரே கதவுக்கு நேரே நின்றிருந்தார்கள்.

"நீங்க ஏறுங்க," என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"இல்லை இல்லை, நீங்க முதல்ல," என்றார் பச்சைக் கோட்டு.

"லேடீஸ் முன்னால போகட்டும்," என்றார் குடைக்காரர்.

"பெரியவங்க முதல்ல," என்றாள் இளம்பெண்.

டங்கன் கோடியிலிருந்து ஓடி வந்தான். "எல்லாரும் ஏறுங்க, நான் கடைசியா ஏறிக்கறேன்," என்றான். அவனைக் கடைசியில் விடுவது நியாயமா என்று எல்லோரும் ஒரு அடி பின்வாங்கி அவனுக்கு வழி விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. ரயில் போயே போய்விட்டது.

அடுத்த ரயிலுக்கு அரைமணிக்கு மேலாகும். டங்கனுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. பிரையனி பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தது கண் முன்னால் வந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று வாயைத் திறந்தான்.

"எல்லாம் என்னாலதாங்க. நான் இந்த ஊர்க்காரன்கூட இல்லை."

"பின்னே எதுக்கு இங்க வந்து ரயில் ஏறறீங்க?" என்று கேட்டுவிட்டார் பச்சைக் கோட்டுப் பெண்மணி. கேட்ட பிறகு, தானா கேட்டோம் என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

டங்கன் ஒன்று விடாமல் கொட்டினான். வாடகை வீடு, பிரையனியின் ஆறாவது மாதம், கைநழுவிப் போன வீடுகள், இந்த ஊரில் வீடு கிடைக்குமோ கிடைக்காதோ என்கிற பயம், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு கேக் டப்பாவைத் திறந்து நீட்டினான். யாரும் முதல் துண்டை எடுக்கத் துணியவில்லை. கடைசியில் குடைக்கார மனிதர்தான் கையை நீட்டினார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றார். "என் பேரு லயனல்."

அவ்வளவுதான், மடை உடைந்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஆற்றங்கரைப் பக்கம் மட்டும் வாங்காதே, டிசம்பரில் முழங்கால் தண்ணீர். பாலத்தடிக் கசாப்புக்கடையில் பேரைச் சொன்னால் நல்ல கறியாக எடுத்து வைப்பான். பிரசவத்துக்கு வருகிற நர்ஸம்மா தங்கமான மனுஷி.

"நீங்க எந்தத் தெரு?" என்று வழுக்கைத் தலைக்காரர் பச்சைக் கோட்டுப் பெண்மணியைக் கேட்டார்.

"சர்ச் தெரு."

"அட, நானும் சர்ச் தெருதான்."

"தெரியுமே. உங்க வீட்டு ரோஜாவைப் பாத்துக்கிட்டேதான் நான் தினமும் டீ குடிக்கறேன்."

"சொல்லியிருந்தா ஒரு கொத்து கொண்டு வந்து குடுத்திருப்பேனே."

"அறிமுகம் இல்லாம எப்படிங்க சொல்றது?"

இளம்பெண் காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். வியாழக்கிழமை தோறும் பப்பில் நடக்கும் வினாடி வினாவுக்குத் தன் அணியில் ஓர் ஆள் குறைகிறது என்றாள். "நீங்க வர்றீங்களா, லயனல் சார்?"

"என்னையா கேக்கறீங்க?" என்றார் லயனல். இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அடுத்த ரயிலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, சளசளவென்று பேசிக்கொண்டே போனார்கள். அந்தப் பெட்டியில் வழக்கமாக வருகிறவர்கள் சிலர் பயந்துபோய் வேறு பெட்டிக்கு மாறினார்கள். டங்கன் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினான். அது உறைக்கவே இல்லை.

"என்ன மனுஷங்க, பிரை," என்றான் இரவு சாப்பாட்டின்போது. "நான் அவங்களை நாயா அலைக்கழிச்சேன். ஒருத்தர் ஒரு சொல் கடுமையா சொல்லலை. இதுவரைக்கும் உனக்காகத்தான் அந்த வீட்டைக் கேட்டேன். இப்ப எனக்கே வேணும். வாழ்ந்தா அவங்களோடதான் வாழணும்."

பிரையனி அவன் கன்னத்தைத் தட்டினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

புதன்கிழமை மாலை போன் அடித்தது. நோரீன்தான். பிரையனி கேட்கும்படி டங்கன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"ரயிலடியில என்னங்க பண்ணினீங்க?" என்றாள் நோரீன்.

"ஏன், என்ன ஆச்சுங்க?"

"வீட்டுக்காரரு உங்களை அங்க பாத்தாராம். லயனல்னு பேரு, உயரமா இருப்பாரு."

பிரையனி டங்கனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"உங்களைத் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடறாருங்க," என்றாள் நோரீன். "இப்படி ஒரு மனுஷனைத் தன் வாழ்நாள்ல பாத்ததில்லைன்னு சொல்றாரு. சொல்லும்போதே குரல் தழுதழுத்துப் போச்சு."

"அப்ப வீடு எங்களுக்குத்தானே?" என்றாள் பிரையனி.

மறுமுனையில் நோரீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"அதைத்தாங்க எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இத்தனை வருஷமா இந்த ஊர்ல ஒருத்தரும் தன்கிட்ட முகம் குடுத்துப் பேசினதில்லைன்னுதான் அவரு வீட்டையே விக்க வந்தாரு. இனிமே எதுக்கு விக்கணும்னு கேக்கறாரு."