லண்டன் பென்ஷனும் நான் செத்துப்போன சாயங்காலமும்

பயம் வந்தால் மனுஷனுக்கு மூளை நின்றுவிடும் என்று சொல்வார்கள். எனக்கு நிற்காது. பயம் வந்தால்தான் என் மூளை வேலை செய்யவே ஆரம்பிக்கும். அதுதான் வம்பு.

(எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் சுமதி எழுதுகிறாள். நடுவில் எங்காவது என்னைக் கிண்டல் செய்திருந்தால் அது அவள் வேலை.)

நான் ராயபுரத்துக்காரன், பெயர் ஏழுமலை. வாலிபத்தில் கப்பலில் பாத்திரம் கழுவப் போனேன். கப்பல் மாறிக் கப்பல் ஏறி, கடைசியில் லண்டனில் ஒரு தமிழ்க்காரர் ஓட்டலில், தரைக்குக் கீழே இருந்த அடுப்படியில் எட்டு வருஷம் தோசை சுட்டேன். அந்த ஊர்க் குளிரைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. ஒரு நாள் மாவு புளிக்கவில்லை என்று முதலாளி மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தினார். பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற எனக்குப் போர்த்தவில்லை. சரி, அதை விடுங்கள்.

வாரா வாரம் சம்பளத்தில் ஏதோ பிடித்தார்கள். முதலாளி திருடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் காசிமேடு மீன் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பாவம், அந்த மனுஷன் அதை ஒழுங்காக அங்கே சர்க்காரில் கட்டியிருக்கிறார். சில வருஷம் முன்னால் சுமதி எங்கெங்கோ விசாரித்துத்தான் இது தெரிந்தது.

"நைனா, மொத்தம் பத்து வருஷம் கட்டியிருந்தா அந்தூர்ல பென்ஷன் உண்டு. உனக்கு எட்டு வருஷம் கீது. மீதி ரெண்டு வருஷத்த நாமளே இஷ்டப்பட்டு இங்கேருந்தே கட்டிடலாமாம். நீ கீற வரைக்கும் பென்ஷன் வரும்."

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். எண்ணூர் ஹைரோட்டில் லாரி வராத நேரம் எது என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். முழங்கால் இரண்டும் அந்த கேட்டு மாதிரியே கிறீச்சிட ஆரம்பித்திருந்தன. பென்ஷன் வந்தால் அந்த கேட்டை வேறு யாராவது திறக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் பணம் கட்ட ஒரு கெடு இருந்தது. அது தவறினால் அந்த எட்டு வருஷமும் வெறும் தோசைதான்.

சுமதி அந்த ஊர்ப் பென்ஷன் ஆபீசுக்கு போன் போட்டாள். அவர்களே திருப்பிக் கூப்பிட்டு என்னிடம் பேசுவார்கள் என்று சொன்னார்களாம்.

"வியாழக்கிழமை கூப்புடுவாங்க. நான் லீவு போட்டுட்டு கூட குந்திக்கிறேன். நீ பயப்படாத நைனா."

பயப்படாதே என்று சொன்னாலே எனக்குப் பயம் வந்துவிடும். போதாததற்குப் பக்கத்து வீட்டு பாஸ்கர் வேறு. ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டயர் ஆனவன். இப்போது அவனுக்கு ஒரே வேலை, யார் யார் போனில் ஏமாந்தார்கள் என்று செல்லில் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்வது.

"மாமே, உஷாரா இரு. மொதல்ல பொறந்த தேதி கேப்பான். அப்பால அம்மா பேரு கேப்பான். சொன்னியோ, பேங்க்ல கீறதெல்லாம் பூட்ச்சு. அதுக்கப்பறம் போலீஸ் டிரஸ்ல ஒர்த்தன் வீடியோல வந்து, நீ அரெஸ்ட்டு, வூட்ட வுட்டு நவுரக்கூடாதும்பான்."

"கக்கூசுக்கு?"

"அவன் பர்மிஷன் குடுக்கணும்."

அன்றிலிருந்து நான் போன் மணி அடித்தாலே கக்கூசுக்குப் போய்விட்டு வந்துதான் எடுப்பேன்.

புதன்கிழமை சாயங்காலம். சுமதி வேலையிலிருந்து வரவில்லை. என் மனைவி கஸ்தூரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஏதோ நீளமான நம்பர். எடுத்தால் ஒரு பொம்பளைக் குரல், இங்கிலீஷில், மிஸ்டர் ஏழுமலையிடம் பேசலாமா, பென்ஷன் விஷயமாகக் கூப்பிடுகிறோம் என்றது. எனக்கு அடுப்படி இங்கிலீஷ் வரும். அது யார் என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளப் போதும்.

இப்போது என் மூளையைப் பாருங்கள். வியாழக்கிழமை கூப்பிடுகிறேன் என்ற சர்க்கார் புதன்கிழமையே கூப்பிடுமா? ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நான் எத்தனை வருஷம் நடந்தேன். சர்க்கார் ஒரு காரியத்தை ஒரு நாள் முன்னால் செய்து நான் பார்த்ததே இல்லை. அப்படியானால் இது திருடன். சொல்லி வைத்தாற்போல அந்தம்மா, பாதுகாப்புக்காக உங்கள் பிறந்த தேதி என்ன என்று கேட்டாள்.

வாசலில் போலீஸ் டிரஸ் போட்ட ஒருத்தன் நிற்கிற மாதிரியே இருந்தது. எங்கள் பக்கத்தில் வட்டிக்குப் பணம் கொடுத்த தண்டல்காரர் வசூலுக்கு வந்தால், 'அவரு சாவுக்குப் போய்கீறாரு' என்று சொல்வது வழக்கம். சாவுக்குப் போனவனை யாரும் துரத்த மாட்டார்கள். நான் பயத்தில் ஒரு படி மேலே போய்விட்டேன்.

"ஹி எக்ஸ்பயர்ட் மேடம்."

அந்தம்மா ரொம்ப மெதுவாக, "எப்போது?" என்றாள்.

முந்தாநாள் என்றேன். நீங்கள் யார் என்றாள். தம்பி என்றேன். (எனக்குத் தம்பி கிடையாது. மூன்று அக்கா.) அவருக்கு மனைவி இருக்கிறாரா என்றாள். இருக்கிறார், வெங்காயம் உரிக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்தம்மா பேசியதுதான் தாங்க முடியவில்லை. உங்கள் அண்ணன் எட்டு வருஷம் எங்கள் ஊரில் உழைத்திருக்கிறார், அவர் மனைவியிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள், தைரியமாக இருக்கச் சொல்லுங்கள் என்றாள். என்னைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியதில்லை. எனக்கே நான் போய்விட்டது துக்கமாக இருந்தது. தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

போனை வைத்ததும் கஸ்தூரி கேட்டாள். "யாருய்யா செத்தது?"

"நான்தான்."

அவள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சுய்யா இது."

பாஸ்கர் வந்து என் முதுகில் தட்டினான். "சூப்பர் மாமே. செத்தவன எப்டி அரெஸ்ட் பண்ணுவான்."

சுமதி வந்தாள். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நைனா, அது நெசமான ஆபீசு. ஒரு நாள் முன்னாடி கூப்புடுறோம்னு எனக்கு மெசேஜ் அனுப்பிகீறாங்க. நான் இப்பதான் பாக்கறேன். செத்தவங்க எப்டி நைனா பணம் கட்டறது?"

அப்போது வந்ததுதான் உண்மையான பயம். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் ஒத்திகை. பென்ஷன் போச்சு, கேட்டு நிரந்தரம். அது மட்டுமா? வேறொரு தேசத்து சர்க்காரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அவர்கள் போலீஸ் இங்கே வருமா, என்னை அங்கே கூப்பிடுமா? அந்தக் குளிரில் ஜெயிலா? கஸ்தூரிக்கு வேறு பயம். வாயால் சொன்னது பலித்துவிடுமாம். உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடியே வரவில்லை என்று இன்னும் பயந்தாள். எனக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. நாடியைத் தொட்டுப் பார்த்தேன். முதலில் கிடைக்கவில்லை.

மறுநாள் சுமதி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ரொம்ப நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஓர் ஆள் வந்தான். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டான்.

"நான்தான் சார் அந்த இறந்தவர்."

"ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றான் பழக்கதோஷத்தில். பிறகு, அவருடைய தம்பிதானே நேற்று தகவல் சொன்னார், அவரிடம் பேசலாமா என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாஸ்கர் குரல் கொடுத்தான். "மாமே, தம்பியும் செத்துட்டான்னு சொல்லிடு."

சுமதி சுவரைப் பார்த்து முறைத்த முறைப்பில் அவன் அன்று முழுக்க வெளியே வரவில்லை. நான் நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். சொல்லச் சொல்ல நானே ஏமாற்றுக்காரன் மாதிரி கேட்டது. எந்த அட்ரஸில் வேலை செய்தீர்கள் என்றான். படிக்கத் தெரியாதவனுக்கு ஏது அட்ரஸ்? பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே துணி வெளுக்கிற கடை, பக்கத்தில் பதினொரு படி இறங்கினால் எங்கள் அடுப்படி என்றேன். அந்த ஆள் யாரையோ கூப்பிட்டான். நேற்றுப் பேசிய அதே அம்மா வந்தாள்.

"உங்கள் குரல் உங்கள் தம்பி குரல் மாதிரியே இருக்கிறதே," என்றாள்.

அந்த நேரத்தில் கஸ்தூரி போனைப் பிடுங்கினாள்.

"யம்மா, இந்தாளு சாவலம்மா. குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறாரு. கலியாணம் ஆன நாள்லேருந்து இப்டித்தான், பல்லி கத்தினா பயப்படுவாரு, பூன போனா பயப்படுவாரு. இவருக்கு வாழ்க்கப்பட்டு நான் படற பேஜாரு உனக்கு எங்க தெரியப்போவுது. நேத்து ஒரு வெங்காயம் உரிச்சு குடுத்தாரா கேளு."

இன்னும் நிறைய சொன்னாள். (சுமதி எழுத மாட்டேன் என்கிறாள்.) அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்ட குரலில் சுமதியிடம் சொன்னாள்: "இவர் கணவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் அனுப்பிவையுங்கள்."

அனுப்பினோம். அங்கே ரிக்கார்டில் என்னை எழுப்பி உட்கார வைக்க அவர்களுக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. அதுவரை கேட்டைத் திறக்கும்போதெல்லாம் கெடு முடிந்துவிட்டதா என்றுதான் நினைப்பு. முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பணம் போய்ச் சேர்ந்தது. இப்போது பென்ஷன் வருகிறது. எட்டு வருஷத் தோசையோடு ஊரிலிருந்து கட்டிய இரண்டு வருஷத்துக்கு வருவது பெரிய தொகை இல்லை. ஆனால் கேட்டை வேறு ஆள் திறக்கிறான்.

அந்த ஆபீஸ்காரர்கள் அதோடு விடவில்லை. அவ்வப்போது அங்கேயிருந்து ஒரு காகிதம் வரும், நான் இன்னும் இருக்கிறேனா என்று கேட்டு. தெரு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போவோம். அவருக்கு முழுக் கதையும் தெரியும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கவே மாட்டார். கஸ்தூரியைப் பார்த்துத்தான் கேட்பார்.

"இன்னாம்மா, உயிரோட கீறாரா? கையெழுத்து போட்டுடவா?"

அவள் அவசரப்பட மாட்டாள். புடவைத் தலைப்பைச் சரி செய்வாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்ப்பாள். அந்த வாரம் நான் என்னென்ன சொன்னேன், எந்த வேலையைச் செய்யாமல் விட்டேன் எல்லாம் அவள் கண்ணில் ஓடும். வரிசையில் உட்கார்ந்திருக்கிற நோயாளிகள் எல்லாம் திரும்பி அவள் வாயையே பார்ப்பார்கள்.

"ம். கீறாரு," என்பாள்.

அவள் அதைச் சொல்கிற வரைக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மூச்சு வருவதில்லை.