பைலட் மாப்பிள்ளைக்கு நான் பார்த்த பஸ் வேலை

யாராவது நல்ல செய்தி சொன்னால், அதில் கெட்டது எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். அகப்படாவிட்டால் இன்னும் பயமாகிவிடும். இந்தக் குணத்தால் என் தங்கையின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தவன் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோவில்பட்டி–கயத்தாறு தனியார் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனேன். தங்கை செல்வி நேர் எதிர். படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு புதிது புதிதாக விமானக் கம்பெனிகள் முளைத்த நேரம் அது. அவளுக்கு ஒரு பைலட் மாப்பிள்ளை அமைந்தார். முருகேசன், ஓட்டப்பிடாரம், தூரத்து உறவு. சென்னையில் இருந்துகொண்டு, விசிறி வைத்த சின்ன விமானத்தில் கேப்டன். (எங்கள் தெருவழியே போகும் தீப்பெட்டி ஆபீஸ் வேனை நிறுத்திக்கூட அம்மா இதைச் சொல்லியிருந்தாள்.)

நிச்சயத்துக்குப் பத்து நாள் முன்பு ஜவுளி விஷயம் பேச ஓட்டப்பிடாரம் போனேன். மாப்பிள்ளையின் அப்பா மோர் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"முருகேசன இப்பம் அந்தப் பிளேன விட்டு எடுத்துட்டாவ. வேற பிளேனுக்குப் போடுதாவளாம். இனிமே சென்னை கிடையாது, கொல்கத்தாதான். அதுக்கு முன்ன மூணு மாசம் கிளாஸ்ல உக்காரணுமாம்."

"அங்கனயும் கேப்டன்தான மாமா?"

"இல்ல, கோ-பைலட்டு."

சிரித்துக்கொண்டே சொன்னார். வேதனையை மறைக்கத்தான் சிரிக்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பஸ் தொழிலில் இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். ஓட்டிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து ஒருவனை இறக்கி வேறு ஊருக்கு அனுப்பினால், அவன் எதிலோ மோதியிருக்கிறான். பக்கத்து சீட்டில் உட்கார வைத்தால், ஸ்டியரிங்கை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் மூன்று மாதம் வகுப்பு. வகுப்பைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரிந்து உலகத்தில் கிடையாது. "எதுலயும் உரசிட்டாரா மாமா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும்.

வீட்டில் மூச்சு விடவில்லை. நிச்சயம் நின்றுபோன பெண்ணுக்கு எங்கள் பக்கம் அடுத்த வரன் அமைவது லேசில்லை. செல்விக்கு வேறு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் மாப்பிள்ளையை மாற்றக் கூடாது, வேலையை மாற்றிவிடலாம் என்று எங்கள் பஸ் முதலாளியிடம் போய் நின்றேன்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைதான் முதலாளி. டிரைவர் வேலை ஒண்ணு வேணும். பெரிய வண்டி ஓட்டின அனுபவம் இருக்கு."

"லைசன்ஸ் ஹெவியா?"

"ரொம்ப ஹெவி."

"ஆக்சிடென்ட் கேஸு உண்டா?"

"சின்னதா இருக்கலாம். உசுருச் சேதம்னா பேப்பர்ல வந்திருக்கும்லா."

முதலாளி இரக்கமுள்ளவர். "நிச்சயத்துக்கு வாரேன். ஆளப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். மண்டபத்தில் தட்டு மாற்ற எல்லோரும் உட்கார்ந்த நேரம், நாற்காலியை மாப்பிள்ளை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"தம்பி, கயத்தாறு ட்ரிப்பு காலைல அஞ்சரைக்கு. எந்திரிச்சிருவீயளா?"

மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எம் மவன் வேல இல்லாம நிக்கான்னு இவியகிட்ட யாரு சொன்னா?"

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். கடைசியாகச் செல்வி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்திருக்கலாம். தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

முருகேசன் கோபப்படவில்லை. "மச்சான், உங்க முதலாளி புது பஸ் வாங்குனா யாருக்குக் குடுப்பாவ?" என்று கேட்டார்.

"சீனியருக்கு."

"எங்களுக்கும் அப்படித்தான். கம்பெனி பெரிய ஜெட்டு வாங்கிருக்கு. சீனியர் வரிசைல என் பேரு வந்துச்சு, போறேன். சின்னத ஓட்டுன லைசன்ஸ வச்சுப் பெருசத் தொட முடியாது, மறுபடியும் படிக்கணும். கொஞ்ச வருசம் பக்கத்து சீட்டு, அப்புறம் கேப்டன். அந்த ஜெட்டு நிக்கது கொல்கத்தாவுல. அதான் ஊரும் மாறுது."

"அப்ப எதுலயும் மோதலியா?"

"மோதிருந்தா இங்கன மாலையோட உக்காந்திருப்பேனா மச்சான்? சுவத்துல மாலையோட தொங்கிட்டிருப்பேன்."

முதலில் சிரித்தது செல்விதான். முருகேசன் முதலாளி பக்கம் திரும்பி, "அஞ்சரை கஷ்டம் அண்ணாச்சி. ஏழு மணி ட்ரிப்பு இருந்தா சொல்லுங்க" என்றதும், அவருடைய அப்பாவுக்கும் சிரிப்பில் உதடு கோணியது. தட்டு மறுபடி மேலே வந்தது. முதலாளி சாப்பிட்டுக் கை கழுவும்போது என் காதில், "பையன் தங்கம்டே. நமக்குத்தான் குடுத்து வைக்கல" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

முருகேசன் பெரிய விமானத்திலும் கேப்டனாகி, ஊர் ஊராக மாறி, இப்போது மறுபடியும் சென்னை. அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறாள். போன மாதம் செல்வியை அவள் கம்பெனியில் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதைச் சொல்ல அவள் எனக்குப் போன் செய்தபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏட்டி, உங்க அண்ணங்கிட்டயா சொல்லுத? லேடீஸ் கண்டக்டர் வேலைக்குச் சொல்லி வச்சிருவான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தச் செய்தி முந்தின நாளே மாப்பிள்ளை மூலம் எனக்குத் தெரியும். அன்றைக்கே முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்திருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.