பேய் பங்களாவும் ஒரு வாளித் தண்ணீரும்

"இன்னிக்கும் தூங்கினீங்கன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நான் அக்கா வீட்டுக்குப் போய்ப் படம் பார்த்துக்கறேன்," என்றாள் மனைவி.

ரொட்டிக்காரருக்குப் பகீரென்றது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டப் போகிறவர் அவர். அவளோ பள்ளிக்கூடத்து நர்ஸ்; இவர் வீடு திரும்பும் நேரத்தில் அவள் கிளம்பிவிடுவாள், அவள் திரும்பும்போது இவர் படுக்கப் போயிருப்பார். இருவரும் சேர்ந்து உட்கார வாய்த்தது ஞாயிறு மதியம் ஒன்றுதான். அதிலும் படம் ஆரம்பித்ததுமே இவர் குறட்டையை ஆரம்பித்துவிடுவார். முப்பது வருஷமாக இதே கதை.

இன்றைக்கு டிவியில் ஒரு பழைய பேய் பங்களாப் படம். கறுப்பு வெள்ளை, சிரிப்பும் பாட்டுமாக இருக்குமாம். சின்ன வயதில் இதே படத்தின் முதல் பாட்டுக்கே பயந்து அலறியதில், அவளை அப்பா தூக்கிக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே வந்துவிட்டார். மீதிக் கதை அவளுக்கு இன்றுவரை தெரியாது.

"சத்தியமா தூங்கமாட்டேன்," என்றார் ரொட்டிக்காரர்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சோபாவை நம்ப முடியாது என்று மர ஸ்டூலில் உட்கார்ந்தார். பேர் போட்டு முடிவதற்குள் முதுகு தானாகப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டது. பதறி எழுந்து, ஒரு வாளி பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கால்களையும் உள்ளே விட்டார்.

"என்னங்க இது?"

"பேய்ப் படம்னா எனக்குக் கால் சுடும்."

வாரமெல்லாம் நின்ற காலின் வலி தண்ணீரில் மெல்லக் கரைந்தது. அதோடு இமையும் இறங்கியது. கடைசி முயற்சியாக, மெழுகுவத்தியோடு படியிறங்கிய வெள்ளை உடுப்புப் பேயுடன் சேர்ந்து பாட்டை முனகினார். அந்த முனகலே அவரைத் தூங்க வைத்துவிட்டது.

பேய்கள் அவருடைய ரொட்டி அடுப்பிலிருந்து கைகோத்து ஆடியபடி வந்தன. நடுவில் இருபது வயது மனைவி, தரையில் கால் படாமல் சுழன்றாள். கொட்டிக் கிடந்த மாவில் ஒரு தடம்கூட விழவில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கண் விழித்தால் மணி ஐந்தரை. திரை இருண்டிருந்தது. மனைவி சிவந்த கண்களோடும் கன்னத்தில் சோபாத் துணியின் தடத்தோடும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்து அணைத்துவிட்டாள், அழுதும் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அந்த... பேயெல்லாம் அடுப்புலேர்ந்து ஆடிக்கிட்டே வந்துச்சே..." உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "ஆமாமா, பிரமாதம்! அப்புறம் பேய்க்கெல்லாம் ஊசி போட்டாங்களே, அது?"

ரொட்டிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதைச் சொல்லு! வரிசையில நின்னு கையை நீட்டிச்சுங்களே!"

"கையே இல்லாத பேய் ஒண்ணு..."

"அதுக்கு எங்க குத்தறதுன்னு தெரியாம முழிச்சாங்களே!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் அவர் கையைப் பற்றினாள்.

"முப்பது வருஷத்துல இன்னிக்குத்தாங்க என்கூட ஒரு படத்தை முழுசாப் பார்த்திருக்கீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கையை விடவும் மனமில்லை.

திறந்திருந்த கதவருகே மாடிவீட்டுத் தையல்காரம்மா வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"முதல் பாட்டுலயே கட்டடம் பூரா கரண்டு போயிடுச்சே, இன்னும் வரலையே! நீங்க ரெண்டு பேரும் எந்தப் படத்தைச் சொல்லிச் சிரிக்கிறீங்க?"